கொக்கிளாய் முகத்துவாரம் வரை, சும்மா

மீன் ஏற்றுகிற பட்டா லொறி.
கழுவித்தான் கொண்டுவந்தேன் என்று சத்தியம் செய்கிறான் முபீத்.
கழுவின ஈரத்திலும் சூரை மணக்கிறது.
முன்னுக்கு இரண்டு பேர், பின்னுக்கு இரண்டு பேர்,
பின்னுக்கு ஐஸ் பெட்டிதான் கதிரை.
தை மாசம். விடிய நாலு மணி.
உவர்மலையால் இறங்கும்போதே
வாடை காதைப் பிடித்துத் திருகத் தொடங்கிவிட்டது.

டெரன்ஸ் ஓட்டுகிறான்.
ஆறு வருஷம் கத்தாரில் தண்ணி பவுசர் ஓட்டினவன்,
இன்னமும் ரோட்டின் வலப்பக்கம் சாய்கிறான்.
"இடம்! இடம்!" என்று
டாஷ்போர்டில் அடிக்கிறாள் தயாபரி.

நிலாவெளியில் ஹோட்டல்கள் பூட்டிக் கிடக்கின்றன.
வெள்ளைக்காரர் வராத மாசத்தில்
கடல் தன்பாட்டில் கத்துகிறது,
யாரும் படம் எடுக்காமல்.

குச்சவெளி தாண்ட ஒரு டோர்ச் வெளிச்சம்.
குரங்குத் தொப்பி போட்ட பொடியன்,
துவக்கை விடவும் நித்திரை பாரமாக இருக்கிறது அவனுக்கு.
எங்கே போகிறீர்கள்?
"நிகங், மஹத்தயா" என்கிறான் முபீத்.
சும்மா.
இந்த ரோட்டில் அந்தச் சொல்லைச் சொல்ல
என் அப்பாவுக்கு ஒரு நாளும் துணிவு வந்ததில்லை.
ஆஸ்பத்திரி என்பார், செத்தவீடு என்பார்,
கையில் ஒரு கடிதம் வைத்திருப்பார்.
பொடியன் பெட்டியைத் திறந்து பார்த்தான்:
மீன் இல்லை, நான்தான் காலை மடக்கி இருந்தேன்.
போகச் சொல்லிக் கை காட்டினான்
கொட்டாவியோடு.

திரியாய் கடந்த பிறகு காடு ரோட்டை நெருக்குகிறது.
"இதையும் பாலைவனம் என்று சொல்லுவினமோ?"
டெரன்ஸின் வாயில் எப்போதும் கத்தார்:
அங்கே சவூதி எல்லையில் இரவுக் குளிர்
பவுசரின் இரும்பைக் கடிக்கும்,
வானத்துக்கு ஓரமே இராது.
"இது பாலைமரம் நிற்கிற வனம்" என்கிறாள் தயாபரி.
"பழத்துக்கு இன்னும் நாலைந்து மாசம். பேசாமல் ஓட்டு."

யான் ஓயா. புல்மோட்டை.
நிலம் கறுக்கிறது.
உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றின காந்தத்தை
முபீத் கயிற்றில் கட்டி மணலில் இழுக்கிறான்,
அதற்குத் தாடி முளைக்கிறது.
நாலு பேரும் தடவிப் பார்த்தோம்.
குளிர்ந்த, கறுத்த, யாருடையதோ ஆன தாடி.
கைகளைக் காற்சட்டையில் துடைத்தோம்,
போகவில்லை.

பிறகு ரோட்டு முடிந்தது.
முடிந்தது என்று பலகை ஒன்றும் இல்லை,
தண்ணீர் இருந்தது.
தயாபரி நில அளவைத் திணைக்களம்.
போனைத் தூக்கிப் பிடித்து
"எல்லை அந்தா, அந்த நீர்க்காகம் நிற்கிற கம்புக்குப் பக்கத்தில்"
என்கிறாள். காகம் பறந்தது.
"இப்ப?" என்று கேட்டான் டெரன்ஸ்.
அவள் பதில் சொல்லவில்லை.

பனி. அக்கரை பாதிதான் தெரிகிறது:
ஒரு தகரக் கூரை, இழுத்து வைத்த வள்ளம், புகை.
சும்மா வந்தவர்கள் சும்மா நின்றோம்.
குளிருக்கு ஏதாவது செய்யவேண்டும் போல,
முபீத் மீன் விற்கிற ஹோர்னை அமுக்கினான்,
பாம்... பாம்... பாம்,
தெருத்தெருவாக அவன் அமுக்குகிற மாதிரியே.

அக்கரையில் நாய் குரைத்தது.
கதவு ஒன்று திறந்தது.
கையில் சட்டியோடு ஒரு பெண் வந்து
தண்ணீர் ஓரத்தில் நின்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.
வண்டியில் சுற்றிப் போனால்
அவளிடம் போய்ச்சேர அரை நாள் என்கிறாள் தயாபரி.
முபீத் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.
அவள் போகவில்லை.
சட்டியை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

"நாளைக்கு!" என்று கத்தினான்.
வாடை எங்கள் பக்கம்தான் அடித்தது;
அந்தச் சொல் அவனுடைய வாய்க்கே திரும்பி வந்திருக்கும்.
பெட்டியின் மூடியை ஒருதரம் திறந்தான்,
உள்ளே இருக்கக்கூடும் என்பதுபோல.